கொக்கு பார்க்கப் போன இருவர்

தெய்வாத்தாளுக்கு நாற்பத்தாறு வயதாகும்வரை பறவை என்றால் கோழிதான். பல்லடத்துக்குத் தெற்கே, உடுமலை சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அவர்களுடைய கோழிப்பண்ணை இருந்தது. கணவர் ஈஸ்வரமூர்த்தி தீவனம், லாரி, வியாபாரம் எல்லாம் பார்த்துக்கொள்வார். கோழிகளைப் பார்த்துக்கொண்டது தெய்வாத்தாள். ஷெட்டுக்குள் காலை வைத்ததும், சத்தத்தைக் கேட்டே எந்த மூலையில் கோளாறு என்று சொல்லிவிடுவாள். குஞ்சு வந்து இறங்கும் வாரத்தில் அவளை வீட்டில் பார்க்க முடியாது. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்கு அந்த ஷெட்டுகளைத் தவிர வேறு உலகம் இல்லை என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

1991 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்காகக் கணவனும் மனைவியும் வால்பாறைக்குக் காரில் போனார்கள். அட்டகட்டியைத் தாண்டிய ஒரு கொண்டை ஊசி வளைவில் ரேடியேட்டர் கொதித்துப்போய் வண்டி நின்றுவிட்டது. ஈஸ்வரமூர்த்தி பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஓடைத் தண்ணீர் பிடிக்கப் போனார். தெய்வாத்தாள் இறங்கிச் சாலையோரச் சுவரில் சாய்ந்து நின்றாள். சற்றுத் தள்ளி, கழுத்தில் பைனாகுலர் மாட்டிய ஒரு பெண் அதே சுவரில் உட்கார்ந்து கீழே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. பெரிய முறம் ஒன்றை எடுத்து யாரோ காற்றை விசிறுவது போல, விட்டுவிட்டு, நெருங்கி நெருங்கி வந்தது. பள்ளத்திலிருந்து இரண்டு பறவைகள் எழும்பி, அவள் நின்ற மட்டத்துக்கே வந்து, சிறகின் வெள்ளைப் பட்டை தெரிய எதிர்ச்சரிவுக்குப் போயின. மஞ்சள் அலகின் மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கொம்பு. இத்தனை பெரிய பறவை இத்தனை நிதானமாகப் பறக்கும் என்று தெய்வாத்தாளுக்குத் தெரியாது.

"ஏனுங்க அம்மிணி, அது என்ன பறவைங்க?"

"இருவாட்சிங்க. முன்னால போனது ஆணு. அக்கட்ட மரத்துல உக்காந்துருச்சு. இந்தாங்க, இதுல பாருங்க." அந்தப் பெண் பைனாகுலரைக் கழற்றி நீட்டினாள்.

தெய்வாத்தாளுக்கு முதலில் வெறும் இலையாகத் தெரிந்தது. பிறகு திடீரென்று அந்தச் சிவந்த கண் பக்கத்தில் வந்து நின்றது. அவள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. பக்கத்தில் நின்றவள் சொல்லிக்கொண்டே போனாள். முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாசலை அடைத்துவிடும், அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் இருக்கும், மூன்று நான்கு மாதம் ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும்.

"அத்தனை நாளுமா அவனே கொண்டாந்து குடுப்பான்?"

"ஆமாங்க. அவன் வராட்டி உள்ள இருக்கறதுக்குச் சோறு இல்லீங்க."

தெய்வாத்தாள் பைனாகுலரைத் தாழ்த்தி, வாளியோடு ஏறி வந்துகொண்டிருந்த தன் கணவரை ஒரு தடவை பார்த்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் கிருபா. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர், வயது முப்பத்து மூன்று. அப்பாவும் அம்மாவும் தேயிலை பறித்தவர்கள். ஞாயிறு சர்ச் முடிந்ததும் பஸ் ஏறி இந்த வளைவில் இறங்கி, திரும்பும் பஸ் வரும்வரை பறவை பார்ப்பது அவள் வழக்கம். அந்த ரஷ்ய பைனாகுலர் கொச்சித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் தம்பி ஆல்வின் வாங்கிக் கொடுத்தது. ஈஸ்வரமூர்த்தி தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பியபோது, தெய்வாத்தாள் டீச்சரையும் ஏற்றிக்கொண்டாள். விசேஷ வீட்டில் என்ன விருந்து போட்டார்கள் என்று பிறகு கேட்டால் அவளுக்கு நினைவில்லை.

அடுத்த மாதம் அவள் தனியாக பஸ்ஸில் வால்பாறைக்குப் போனாள். அதற்கடுத்த மாதமும் போனாள். சோலைக்குள் அட்டை கடிக்க நடந்து, மரத்தடியில் கிடக்கும் கொட்டைகளைப் பார்த்து மேலே கூடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள். ஊரில் கேட்டவர்களுக்கு, "சும்மா, காத்து மாத்திக்கப் போனேனுங்க" என்று சொல்லி வைத்தாள். பறவை பார்க்கப் போகிறேன் என்று கோழிப்பண்ணைக்காரி சொன்னால் யார் நம்புவார்கள்.

ஒரு கோடை விடுமுறையில் கிருபா பல்லடத்துக்கு வந்தாள். வாசலுக்கு வந்தவள் உள்ளே வரவில்லை. போர்ட்டிகோவிலேயே நின்றாள்.

"என்ன டீச்சர், புதுசா வந்த ஒறம்பரை மாதிரி நிக்கறீங்க? உள்ள வாங்க."

"இல்லீங்க அக்கா. ஒண்ணு சொல்லிட்டு வந்தர்றேன். எங்க தாத்தனும் பாட்டியும் இந்தப் பக்கத்துலதான் பண்ணையாளா இருந்தவங்க. அங்கிருந்துதான் மலைக்குப் போனது. தெரிஞ்சுக்கிட்டு உள்ள கூப்பிடுங்க."

தெய்வாத்தாள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, இலை போட்டு, தானும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஈஸ்வரமூர்த்தி வாங்க என்று சொன்னார். ஆனால் அவருக்கு அன்று மதியம் முழுக்க ஷெட்டில் ஏதோ அவசர வேலை இருந்தது. தெய்வாத்தாளும் கிருபாவும் அதைக் கவனித்தார்கள்.

முதல் தூரப் பயணம் ராஜஸ்தானில் பரத்பூர். சைபீரியாவிலிருந்து வெள்ளைக் கொக்குகள், நம்மூர் வயல் கொக்கு அல்ல, நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் பெரிய சாதி, இமயமலையைத் தாண்டி அங்கே வரும் என்று கிருபா சொல்லியிருந்தாள். 1993 கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ரயில் ஏறினார்கள். கொக்குகள் அந்த ஆண்டு வரவில்லை. விடியலில் பனிமூட்டத்துக்குள் சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து, சால்வைக்குள் கையை விட்டுக்கொண்டு, நீர்க்கரையில் காத்திருந்தார்கள். வாத்துகள் வந்தன, கழுகுகள் வந்தன, சாரஸ் கொக்கு ஜோடி ஒன்று ஆளுயரத்துக்கு நடந்து போனது. அந்த வெள்ளைக் கொக்கு மட்டும் இல்லை. ரிக்‌ஷாக்காரர் கை விரித்தார். வழியில் சுடுகிறார்கள், வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது என்றார்.

அத்தனை குளிரில் அத்தனை தூரம் வந்து ஏமாந்ததற்குத் தெய்வாத்தாள் சலித்துக்கொள்வாள் என்று கிருபா எதிர்பார்த்தாள். அவள் வேறு மாதிரி இருந்தாள்.

"டீச்சர், வராத பறவைக்காகக் காத்துக் கெடந்ததும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு வெள்ளைக் கொக்கைப் பாக்காம நான் உடமாட்டேனுங்க. உலகத்துல எங்க இருந்தாலும் சரி."

அதன்பிறகு பாஸ்போர்ட் எடுத்தார்கள். கிருபாவின் செலவையும் தானே கொடுப்பதாகத் தெய்வாத்தாள் சொன்னதில் இருவருக்கும் சண்டை நடந்தது. "நீங்க வராட்டி எனக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. இங்கிலீஸ்ல தண்ணி கேக்கத் தெரியாதவ நான்" என்று தெய்வாத்தாள் சொன்னதும் அந்தச் சண்டை முடிந்தது. 1995 மே மாதம் பம்பாயிலிருந்து நைரோபிக்கு விமானம் ஏறினார்கள்.

கென்யாவில் நகூரு ஏரியை மேட்டிலிருந்து பார்த்தபோது, கரையோரமாக ஏன் ரோஜா நிறத்தில் மண் இருக்கிறது என்று தெய்வாத்தாள் கேட்டாள். ஜீப் இறங்க இறங்க அந்த மண் அசைந்தது. அத்தனையும் பூநாரை. தலையைத் தண்ணீரில் கவிழ்த்து, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, ஏரிக்கே உயிர் வந்து முனகுவது போலச் சத்தம் போட்டுக்கொண்டு நின்றன. எதற்கோ பயந்து ஒரு பக்கம் எழும்பியபோது, கருஞ்சிவப்பான இறக்கை உள்பக்கம் வானத்தில் விரிந்து மறுபடியும் மூடியது. தெய்வாத்தாள் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யாரு தீவனம் போடறாங்க இத்தனைக்கும்?" என்றாள். கிருபா அவை தின்னும் பாசியைப் பற்றியும் அது வளரும் உப்புத் தண்ணீரைப் பற்றியும் சொன்னாள். அந்தப் பகல் முழுக்க இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தில், கோயமுத்தூரிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம் இருந்தது. தெய்வாத்தாளின் சேலையைப் பார்த்ததும் அந்த வீட்டு அம்மாள் எழுந்து வந்து தமிழில் பேசினாள். ஊர், தோட்டம், சொந்தம் எல்லாம் விசாரித்துவிட்டு, தட்டோடு வரிசையில் நின்ற கிருபாவைக் கண்ணால் காட்டினாள்.

"கூட வந்திருக்கறது வேலைக்கு வெச்சிருக்கீங்களா?"

தெய்வாத்தாள் சிரித்து மழுப்பினாள். "தொணைக்கு வந்திருக்காங்க" என்றாள்.

கிருபாவுக்குக் காதில் விழுந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசையில் போய் உட்கார்ந்தாள். மீதி நாள்களில் பறவையின் பெயர்களைச் சொன்னாள், வண்டிக்காரரிடம் பேசினாள், பாஸ்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கோயமுத்தூர் பீளமேடு விமான நிலையத்தில் இறங்கியதும், "வாரேனுங்க" என்று சொல்லி உக்கடத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். முன்பெல்லாம் வாரேன்க்கா என்பாள்.

தெய்வாத்தாள் எஸ்டேட் ஆபீசுக்கு போன் போட்டாள். டீச்சர் வகுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுபடி போட்டாள். ஆளிடம் சொல்லி அனுப்பினாள். பதில் வரவில்லை. ஒரு வருடம் போனது, அதற்கு மேலும் போனது. அவள் மலைக்குப் போகவில்லை. தனக்கென்று வாங்கியிருந்த பைனாகுலர் பீரோவில் கிடந்தது. ஒரு நாள் ஷெட்டில் வெள்ளைக் கழிச்சல் கண்டு கோழிகள் தலை தொங்கி நின்றதை, அவளுக்கு முன் வேலையாள் நஞ்சப்பன் கண்டுபிடித்தான். அதைக் கேட்டதும் ஈஸ்வரமூர்த்திக்கு விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

"என்னாச்சு உனக்கும் டீச்சருக்கும்?"

அவள் சொன்னாள்.

"நீ சொன்னது தப்பு. அன்னைக்கு ஊட்டுக்கு வந்தப்ப நான் எந்திரிச்சுப் போனதும் தப்புத்தான். நாளைக்குக் காத்தால கெளம்பலாம்" என்றார்.

1997 ஜூலையில், மழையில், அவர்கள் வால்பாறைக்குப் போனார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு மேல்புறம் பள்ளிக்கூடத்தை ஒட்டி கிருபாவின் வீடு. ஈஸ்வரமூர்த்தி குடையோடு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். கிருபா திறந்து, அவர் நிற்பதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் நின்றாள்.

"உள்ள வரலாமுங்களா?"

"வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

"அவ செஞ்சது தப்புங்க டீச்சர். அவளுக்கே தெரியும். சொல்றதுக்கு வாய் வரமாட்டீங்குது."

"அதை அவங்க வந்து சொல்லோணுங்க. நீங்க வந்து சொன்னா எப்படிங்க?"

"கார்லதான் இருக்கா. எறங்கமாட்டேன்னு உக்காந்திருக்கா."

கிருபா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மழைத் தண்ணீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் தெய்வாத்தாள் நேராக உட்கார்ந்திருந்தாள். கிருபா குடையை எடுத்துக்கொண்டு போகவில்லை, கூப்பிடவும் இல்லை. அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைத்தாள். நேரம் போனது. கடைசியில் கார்க் கதவு திறந்தது. தெய்வாத்தாள் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றாள்.

"அந்தம்மா கேட்டப்ப, என் சிநேகிதின்னு சொல்லியிருக்கோணும். வாயில வந்துச்சு. முழுங்கிப் போட்டேன். என்ன நெனைப்பாங்களோன்னு பயந்துட்டேன். நான் பயந்தது அசிங்கம், டீச்சர்."

"எனக்கு அங்க எல்லாப் பறவையும் மறந்துபோச்சுங்க அக்கா. அந்த ஒரு வார்த்தை மட்டுந்தான் ஞாபகம் இருக்குது" என்றாள் கிருபா. பிறகு துண்டை எடுத்து நீட்டினாள். "தலையத் தொவட்டுங்க. சளி புடிச்சுக்கும்."

அன்று மதியம் மூவரும் அந்த வீட்டில் சாப்பிட்டார்கள். ஈஸ்வரமூர்த்தி மொச்சைக்கொட்டைக் குழம்பை இரண்டு தடவை கேட்டு ஊற்றிக்கொண்டார். கை கழுவிக்கொண்டே அவர்தான் கேட்டார், "அந்த வெள்ளைக் கொக்கு வேற எங்கீங்க டீச்சர் இருக்குது?"

"ஜப்பான்ல வேற சாதிக் கொக்கு இருக்குதுங்க. அதுவும் வெள்ளைதான். தலையில மட்டும் சிவப்பு. மாசி மாசப் பனியில போனா பாக்கலாம்."

"அப்பப் போயிட்டு வாங்க" என்றார் அவர்.

1998 பிப்ரவரி. ஜப்பானின் வடக்குக் கோடியில் ஹொக்கைடோ தீவு, குஷிரோ ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாட்டுப்பண்ணைக் கிராமம். அங்கே ஒரு பண்ணை வீட்டிலேயே தங்க அறை கொடுத்தார்கள். வீட்டுக்காரி யாசுகோ, அறுபதைத் தாண்டியவர். மகன் தோரு மாடுகளைப் பார்த்துக்கொண்டான், அவனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். அவன் சொல்வதைக் கிருபா தமிழில் சொல்வாள். தெய்வாத்தாள் சேலைக்குள் கம்பளி பேண்ட், மேலே கணவரின் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட்டு, காதை மூடிய குல்லா என்று உருண்டையாக நின்றாள். யாசுகோ அவளைப் பார்த்துச் சிரித்து, பனியில் வழுக்காத ரப்பர் பூட்ஸைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் யாசுகோ ஒரு வாளியோடு வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலுக்குப் போனார். வெறும் பனி, கண் கூசும் வெள்ளை. அவர் வாளியிலிருந்து அள்ளி வீச ஆரம்பித்ததும் தெய்வாத்தாள் குனிந்து பார்த்தாள். மக்காச்சோளம். அவள் நாள்தோறும் கையில் அளைகிற அதே மக்காச்சோளம். அவள் கிருபாவின் தோளைத் தட்டினாள். அப்போது மலைப் பக்கமிருந்து கொக்குகள் வந்தன.

கழுத்தும் காலும் நீட்டி, சிறகை அதிகம் அடிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. பனியின் வெள்ளையைவிட அந்த உடம்பின் வெள்ளை வேறு மாதிரி இருந்தது. கழுத்தில் கறுப்பு, உச்சந்தலையில் ஒரு சிவப்பு வட்டம். ஒவ்வொரு காலையும் தூக்கி, யோசித்து, வைத்து நடந்தன. திடீரென்று ஒன்று தலையைத் தாழ்த்தி நிமிர்ந்து குதித்தது. எதிரே நின்றதும் குதித்தது. இரண்டும் சிறகை விரித்து, ஒன்றையொன்று சுற்றி, காற்றில் ஏறி இறங்கின. பனியில் கிடந்த குச்சியைக் கவ்வி மேலே எறிந்து பிடித்தது ஒன்று. தெய்வாத்தாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குளிரால்தான் என்றாள். கிருபா தன் கண்ணை மறைக்கவில்லை.

தோரு சொன்னான். அவன் தாத்தா காலத்தில் இந்தக் கொக்குகள் அநேகமாக இல்லாமலே போயிருந்தன. ஒரு குளிர்காலம் கடும்பனி பெய்து ஓடையெல்லாம் உறைந்துபோக, பசியில் வீட்டோரம் வந்து நின்றவற்றுக்கு இந்தப் பக்கத்து விவசாயிகள் தங்கள் தானியத்தைப் போட்டார்கள். அது பழக்கமானது. இப்போது நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கிருபா அதைத் தமிழில் சொன்னபோது தெய்வாத்தாள் யாசுகோவை நோக்கிக் கும்பிட்டாள். யாசுகோ இடுப்பு வளைத்து வணங்கினார். அதன்பிறகு இருவரும் மொழியில்லாமலே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வாளியைத் தெய்வாத்தாளிடம் கொடுத்து வீசச் சொன்னார் யாசுகோ. அவள் வீசிய வீச்சைப் பார்த்து, இவள் புதுக்கை இல்லை என்று மகனிடம் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாம் நாள் பனிப்புயல். மதியத்துக்கு மேல் காற்று அடங்கியதும் வயலின் ஓரத்திலிருந்து விடாத கத்தல் கேட்டது. நால்வரும் போய்ப் பார்த்தார்கள். மாட்டுக்காகப் போட்டிருந்த பழைய கம்பிவேலி பனியில் புதைந்து கிடந்தது. அதில் ஒரு கொக்கின் காலும் சிறகும் சிக்கியிருந்தன. அது துள்ளத் துள்ளக் கம்பி இறுகியது. பனியில் ரத்தம். கொஞ்சம் தள்ளி அதன் ஜோடி நின்று கத்திக்கொண்டிருந்தது, பறந்து போகவில்லை.

தோரு வீட்டுக்கு ஓடி, கால்நடை மருத்துவருக்கு போன் செய்துவிட்டு வந்தான். கண்டவர் தொடக்கூடாத பறவை அது, அரசாங்கப் பாதுகாப்பில் உள்ளது. மருத்துவரால் வரமுடியவில்லை, பாதை மூடியிருந்தது. கம்பியை அறுத்து, இருட்டான இடத்தில் வைத்து அமைதியாக விடுங்கள், நான் காலையில் வருகிறேன் என்று அனுமதி கொடுத்திருந்தார். யாசுகோவுக்கு முழங்கால் வலி, பனியில் உட்கார முடியாது. தோரு கிட்டே போனதும் கொக்கு அலகால் ஒரு குத்துக் குத்தியது. அவன் கண்ணுக்குப் பக்கத்தில் கிழிந்தது.

தெய்வாத்தாள் தன் கம்பளி மப்ளரைக் கழற்றினாள்.

"அக்கா, அது கோழி இல்லீங்க" என்றாள் கிருபா.

"தெரியும் டீச்சர். நீங்க கம்பி அறுக்கறதுக்குத் தோருகிட்ட கட்டிங் பிளேயரை வாங்கிக்கோங்க."

அவள் பின்பக்கமாகப் போனாள். அவசரப்படவில்லை. பேசிக்கொண்டே போனாள், ஷெட்டில் பேசுவது போல. "ஒண்ணுமில்ல கண்ணு. ஒண்ணுமில்ல. சித்தே இரு." குனிந்து மப்ளரைக் கொக்கின் தலையில் போட்டு அதன் கண்ணை மூடினாள். கண் மூடியதும் கொக்கு அடங்கியது. சிக்காத சிறகை மடித்துத் தன் கைக்குள் அணைத்து, பனியில் சேலையோடு உட்கார்ந்து, அந்த உடம்பை மடியில் தாங்கினாள். கிருபா மண்டியிட்டுக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பியை ஒவ்வொன்றாக அறுத்தாள். இரும்பின் குளிரில் விரல் ஒட்டிக்கொண்டது. இறகுக்குள் புதைந்திருந்த கடைசிச் சுற்றை விரலாலேயே நீவி எடுத்தாள். தெய்வாத்தாளின் கைக்கு அடியில் அந்த நெஞ்சு அடித்துக்கொண்டது. அத்தனை இறகுக்கும் உள்ளே ஒரு சூடு. ஆயுசு முழுக்கப் பறவையைப் பிடித்த கை அது. ஆனால் இப்படி ஒரு பயம் அவளுக்கு வந்ததே இல்லை. கொஞ்சம் இறுக்கினால் ஒடியும், கொஞ்சம் விட்டால் உதறிக்கொண்டு தன்னையே கிழித்துக்கொள்ளும்.

"முடிஞ்சுதுங்க அக்கா."

பனியில் கால் மரத்துப்போய் அவளால் எழ முடியவில்லை. கிருபா பின்னால் நின்று கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். மாட்டுக்கொட்டகையின் காலி அறையில் வைக்கோல் பரப்பி, கொக்கை இறக்கி, மப்ளரை உருவிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

காலையில் பாதை திறந்து மருத்துவர் வந்தார். எலும்பு முறியவில்லை, சதைதான் கிழிந்திருக்கிறது, மருந்து போட்டாயிற்று, கூண்டில் வைத்தால் இது தாங்காது, விட்டுவிடலாம் என்றார். இரவெல்லாம் அந்த ஜோடி கொட்டகைக்கு எதிரே பனியிலேயே நின்றிருந்தது. அதன் முதுகில் பனி படிந்திருந்தது.

யாசுகோ கதவைத் திறக்கத் தெய்வாத்தாளுக்குச் சைகை காட்டினார். தெய்வாத்தாள் கிருபாவையும் இழுத்துக்கொள்ள, இருவரும் சேர்ந்து தாழ்ப்பாளை நீக்கினார்கள். கொக்கு உடனே வரவில்லை. வாசலில் நின்று வெளிச்சத்தைப் பார்த்தது. ஒரு கால் நொண்டியது. இரண்டடி வந்தது, நின்றது. எதிரே இருந்தது ஓடி வந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கழுத்தைப் பின்னால் சாய்த்து, அலகை வானத்துக்கு நேராகத் தூக்கிக் கூவின. ஒன்று ஒரு தடவை கூவ, மற்றது அது முடியுமுன் இரண்டு தடவை கூவியது. ஒவ்வொரு கூவலுக்கும் வாயிலிருந்து ஆவி எழும்பியது. பிறகு காற்றுக்கு எதிராகக் கொஞ்ச தூரம் நடந்து, ஓடி, எழும்பி, ஓடைப் பக்கம் போயின. காயம் பட்டது கொஞ்சம் தாழவே பறந்தது, ஆனால் விழவில்லை.

மருத்துவர் தெய்வாத்தாளைக் காட்டி ஏதோ கேட்டார். தோரு ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டுக் கிருபா திரும்பினாள்.

"உங்களைப் பத்தி விசாரிக்கறாருங்க அக்கா. யாரு இவங்க, எங்கிருந்து வந்தாங்கன்னு."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"என் சிநேகிதின்னு சொல்றேனுங்க" என்றாள் கிருபா. அப்படியே சொன்னாள்.

பீளமேட்டில் இறங்கியபோது ஈஸ்வரமூர்த்தி காரோடு நின்றார். வழியிலேயே தெய்வாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். கொக்கை மடியில் வைத்திருந்ததைச் சொன்னதும் அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"காட்டுப் பறவையைத் தொட்டியா?"

"கட்டிப் புடிச்சுட்டு இருந்தேன்."

"அப்ப ஷெட்டுப் பக்கம் வந்துராதே, கோழிக்குச் சீக்கு தொத்திக்கும். போட்டிருந்த துணியெல்லாம் கொதிக்கற தண்ணியில போட்டாகோணும்."

அவர் சொன்னதைச் செய்தார். அந்த மாதம் முடியும்வரை தன் பண்ணைக்குள்ளேயே தெய்வாத்தாளுக்கு இடமில்லை. நஞ்சப்பன் வந்து வாசலில் நின்று ஷெட்டு நிலவரம் சொல்லிவிட்டுப் போவான். அவள் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தோட்டத்துச் சிட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வரமூர்த்தி சாயங்காலம் குளித்துவிட்டு வந்து எதிரே உட்காருவார்.

"எடை எத்தனை இருக்கும்?"

"எட்டு ஒம்பது கிலோ இருக்குமுங்க. தூக்கினா அத்தனை தெரியாது."

"மக்காச்சோளம் முழுசாப் போடறாங்களா, ஒடைச்சா?"

"முழுசாத்தான்."

"அந்தப் பனியில அது எப்படிச் செரிக்குதுங்கறேன்?"

அவளுக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்பாறைக்கு போன் போட்டுக் கிருபாவிடம் கேட்டாள். பதிலை அன்று சாயங்காலம் அவருக்குச் சொன்னாள். அவர் அதிலிருந்து இன்னொரு கேள்வி கேட்டார். மாதம் முழுக்க இப்படியே போனது. முதல் நாள் சொன்னதை மாற்றிச் சொன்னால், "நேத்து வேற மாதிரி சொன்னியே" என்று நிறுத்துவார்.

அடுத்த மே மாதம் எக்வடார் போகலாம் என்று கிருபா சொன்னாள். பூவுக்கு முன்னால் நின்ற இடத்திலேயே நின்று பறக்கும் சிட்டுகள் அங்கே மலை முழுக்க இருக்கின்றன, விரல் நீளம்கூட இல்லாதவை உண்டு என்றாள். தெய்வாத்தாள் வந்து கணவரிடம் கேட்டாள்.

"ஏனுங்க, இந்தத் தடவை நீங்களும் வாங்களேன்."

அவர் யோசித்துப் பார்த்தார். "எல்லாரும் போயிட்டா கோழியை யாரு பாக்கறது? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. ஆனா வந்து சொல்றப்ப ஒண்ணும் உடாமச் சொல்லோணும்."